நடுக்கவாதமும் பெண் ஹார்மோனும்

நடுக்கவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோய், பெண்களைக் காட்டிலும் ஆண்களை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு மிகுதியாகத் தாக்குகிறது. மூளையில் டோப்பமின் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதே இந்நோயின் அடிப்படை. சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் இவ்வணுக்களுக்குக் காவலாக இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். விலங்குச் சோதனைகளில் அது நரம்பணுக்களின் அழற்சியைத் தணித்து, அவற்றின் அழிவைக் குறைத்தது.

மனிதரிடத்தும் ஒரு தடயம் உண்டு. மாதவிடாய் இயல்பாக நிற்குமுன் சினைப்பை அகற்றப்பட்ட பெண்களிடம் பார்க்கின்சன் வகை நோய்கள் கூடுதலாக இருந்ததாக அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 2008இல் தெரிவித்தனர். இளவயதில் அகற்றப்பட்டோருக்கு ஆபத்து மிகுதி. எல்லா ஆய்வுகளும் இதனை உறுதிசெய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

ஆயினும் திருமுக்கூடல் போன்ற சிற்றூர்களிலிருந்து கருப்பை அறுவைக்கு வரும் சகோதரிகளுக்கு இது தேவையான செய்தி. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்தே தீரவேண்டும் என்பதில்லை. “அவற்றையும் எடுப்பீர்களா? ஏன்?” என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள்; கேட்பது மரியாதைக் குறைவன்று. புற்றுநோய் போன்ற காரணம் இருப்பின் எடுக்கத்தான் வேண்டும், அங்கே தயக்கம் கூடாது. முன்பே எடுத்துக்கொண்டவர்கள் அஞ்ச வேண்டா. அவர்களுள் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதில்லை.

ஈஸ்ட்ரோஜன் மாத்திரை நடுக்கவாதத்துக்கு மருந்தன்று. அதனால் இரத்த உறைவு ஏற்படலாம். மருத்துவர் எழுதித்தந்த லெவோடோப்பாவை நிறுத்திவிட்டு எந்த ஹார்மோனையும் நாடாதீர்கள். லெவோடோப்பாவைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.