பை-யின் வரிசையில் பகா எண்கள்

வட்டக் கணக்கு வந்தாலே பை = 22/7 என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். ஆனால் 22/7 என்பது பை இல்லை; அதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு பின்னம், அவ்வளவுதான். பை ஒரு விகிதமுறா எண். எந்தப் பின்னத்துக்கும் அது சமமாகாது. இதை 1760-களில் லாம்பர்ட் என்பவர் நிரூபித்தார்.

சரி, பை-க்குப் பக்கத்தில் உள்ள பின்னங்களைக் கண்டுபிடிப்பது எப்படி? அதற்குத்தான் தொடர் பின்னம்.

செய்முறை: 3.14159265359-ஐ எடுங்க. முழு எண் 3. அதைத் தனியே எழுதுங்க. மீதி 0.14159265359. 1-ஐ இந்த மீதியால் வகுத்தால் 7.0625... வரும். 7-ஐ எழுதுங்க. மறுபடியும் 1-ஐ மீதியால் வகுத்தால் 15.99... இப்படியே போக வேண்டியதுதான். (3.141592654 என்று பத்து இலக்கத்தோடு நிறுத்தினால் ஐந்தாவது எண் 292-க்குப் பதில் 293 வந்துவிடும். கவனம்!)

முதல் 20 எண்கள்:
3, 7, 15, 1, 292, 1, 1, 1, 2, 1, 3, 1, 14, 2, 1, 1, 2, 2, 2, 2

முதல் இரண்டு எண்களோடு நிறுத்தினால் 3 + 1/7 = 22/7. நம்ம பழைய நண்பர்! 292-க்கு முன்னால் நிறுத்தினால் 355/113. இது ஆறு தசம இடம் வரை சரி. அடுத்து வரும் எண் பெரியதாக இருந்தால் பிழை மிகச் சிறியதாகும். சீனக் கணித அறிஞர் சூ சோங்ஜி 5-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பின்னத்தைச் சொல்லிவிட்டார்.

இப்போ பகா எண்களை எண்ணுவோம். 20-ல் 9 பகா எண்கள்! "அடேயப்பா, பை-க்குப் பகா எண் மேல தனிப் பிரியம் போல" என்று நினைக்காதீங்க. அந்த ஒன்பதில் ஆறு வெறும் 2. பொதுவாக எந்த எண்ணின் தொடர் பின்னத்திலும் 1 சுமார் 41.5%, 2 சுமார் 17%, 3 சுமார் 9.3% வரும் என்று 1812-ல் காஸ் சொன்னார். 1928-ல் குஸ்மின் நிரூபித்தார். சிறிய எண்கள்தான் அடிக்கடி வரும். ஆனாலும் வரிசைப்படி வராது: பை-யில் 13 வருவது 28-ஆவது இடத்தில், 5 வருவதோ 40-ஆவது இடத்தில்தான்!

காஸ் விதிக்கு விலக்கும் உண்டு. 'இ' என்ற எண்ணைப் (2.71828...) பாருங்க: 2, 1, 2, 1, 1, 4, 1, 1, 6, 1, 1, 8... எவ்வளவு தூரம் போனாலும் 1-ம் இரட்டை எண்களும்தான். அதனால் அதில் வரும் ஒரே பகா எண் 2. இது நிச்சயம். ஆனால் பை காஸ் விதிக்குக் கட்டுப்படுகிறதா, எல்லாப் பகா எண்ணும் அதில் வருமா? இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. கோடிக்கணக்கில் எண்ணிப் பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. நம்மில் ஒருவருக்காக இந்தக் கேள்வி காத்திருக்கலாம்!

உங்களுக்கு ஒரு கணக்கு: 2-ன் வர்க்கமூலத்தை (1.41421356...) இதேபோல் செய்து பாருங்க. ஒரு பகா எண் திரும்பத் திரும்ப வரும். எது, ஏன்? விடையை இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்க.