டயாலிசிஸ் உடலுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால்...



சிறுநீரகங்கள் செயலிழந்தவர்களை ஹீமோடயாலிசிஸ் என்னும் இரத்தச் சுத்திகரிப்பு உயிரோடு காக்கிறது. ஆனால் சிலர், "இனி என்னால் தாங்க முடியாது, வீட்டிலேயே இருந்துவிடுகிறேன்" என்கிறார்கள். சிறுநீரகம் முற்றிலும் பழுதானவர் சிகிச்சையை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில் அல்லது சில வாரங்களில் மரணம் நேரிடும். ஆகவே மாற்றுவழிகளை அறிவது அவசியம்.

ஏன் தாங்கவில்லை?

நல்ல சிறுநீரகம் வாரத்தின் 168 மணி நேரமும் உழைக்கிறது. இயந்திரமோ வாரம் 3 முறை, தலா 4 மணி நேரம், ஆக 12 மணி நேரத்தில் அவ்வேலையைச் செய்கிறது. உடலில் தேங்கிய நீர் விரைவாக வெளியேறும்போது இரத்த அழுத்தம் குறைகிறது. தலைசுற்றல், வாந்தி, கெண்டைக்கால் பிடிப்பு உண்டாகின்றன. இதயம் பலவீனமானவர்களுக்கு இது அதிகம். பலருக்கு ஒத்துக்கொள்ளாதது டயாலிசிஸ் அல்ல, அதன் வேகமே.

1. நேரத்தை நீட்டுதல்

பிரான்சு நாட்டின் டஸான் மருத்துவமனையில் 1960களின் இறுதியிலிருந்தே வாரம் 3 முறை, 8 மணி நேரம் மெதுவாகச் சுத்திகரித்தார்கள். உணவில் உப்பையும் குறைத்தார்கள். பெரும்பாலோருக்கு மாத்திரையின்றியே இரத்த அழுத்தம் கட்டுப்பட்டது.

2. வயிற்று டயாலிசிஸ்

நம் வயிற்றின் உட்புறத்தைப் பெரிட்டோனியம் என்னும் மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. இதுவே வடிகட்டியாகிறது. சிறு அறுவை சிகிச்சையால் ஒரு மெல்லிய குழாயை வயிற்றில் பொருத்துவார்கள். அதன் வழியே சுமார் 2 லிட்டர் குளுக்கோஸ் கலந்த திரவத்தைச் செலுத்தி, 4 முதல் 6 மணி நேரம் விட்டுவைத்தால், கழிவும் மிகுதியான நீரும் அதில் இறங்கும். பின்பு வடித்துவிட்டுப் புதிய திரவம் செலுத்த வேண்டும். தினமும் 3 அல்லது 4 முறை, ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் போதும். ஊசியில்லை, இயந்திரமில்லை, வீட்டிலேயே செய்யலாம். ஹாங்காங்கில் 1985 முதல் இம்முறைக்கே முதலிடம் அளித்துவருகிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

கைகளைச் சோப்பால் நன்கு கழுவாமல் குழாயைத் தொடலாகாது. வடியும் திரவம் கலங்கியிருந்தாலோ, வயிற்றுவலி, காய்ச்சல் இருந்தாலோ கிருமித் தொற்று என்று சந்தேகித்து அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். திரவத்தோடு புரதமும் வெளியேறுவதால் முட்டை, மீன், பருப்பு எவ்வளவு சேர்ப்பது என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சர்க்கரை அளவு கூடலாம். வயிற்றில் பல அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டவர்களுக்கு இது பொருந்தாமல் போகலாம்.

உங்களுக்குத் தெரிந்த நோயாளி எவரேனும் சிகிச்சையை விட்டுவிட எண்ணினால், அதற்குமுன் சிறுநீரக மருத்துவரிடம், "மெதுவாகச் செய்யலாமா? வயிற்று வழியே செய்யலாமா?" என்று கேட்கச் சொல்லுங்கள்.