மழை, பனி, வெயில்... நிற்காத கூட்டு நடை!

ஐப்பசி பிறந்து நாலு நாள் அடைமழை பெய்தால் போதும். புரட்டாசி வரை 'வாக்கிங்' கூட்டத்தால் நிரம்பி வழிந்த நம் ஊர்ப் பூங்காக்களில் ஈ, காக்கை இருக்காது. சென்னை மெரினா ஆகட்டும், லஸ் நாகேஸ்வரராவ் பூங்கா ஆகட்டும், கோவை ரேஸ் கோர்ஸ் சாலை ஆகட்டும், எல்லா இடத்திலும் இதே கதைதான். "மழை விடட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று வீட்டுக்குள் முடங்குகிறோம். மழை விட்டால் மார்கழிப் பனி. "பனி தலையில் இறங்கிடும்" என்று மேலும் ஒரு மாதம். அப்புறம் பொங்கல், ஊர்ப் பயணம். மாசியில் மறுபடி தொடங்கி ஒரு வழிக்கு வருவதற்குள் சித்திரை வெயில்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். வருஷத்தில் பாதி நாள் நடையே இல்லை. தை மாதம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள், "நான் தினமும் நடக்கிறவன்தான் டாக்டர், எப்படி சுகர் ஏறிச்சுன்னே தெரியல" என்கிறார்கள். எச்.பி.ஏ.1.சி. என்ற அந்தப் பரிசோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை. அதாவது தீபாவளிப் பலகாரமும், மழைக்கால முடக்கமும் சேர்ந்த கணக்கு அது. ரிப்போர்ட் பொய் சொல்லாது!

இதற்கு வழி என்ன? எல்லாப் பருவத்திலும், அந்தந்தப் பருவத்துக்கு ஏற்ப அளவை மாற்றிக்கொண்டு, நாலு பேராகச் சேர்ந்து வெளியில் உடற்பயிற்சி செய்வதுதான். அதை முறையாக எப்படிச் செய்வது என்று பார்ப்போம்.

இரண்டு நாள் கணக்கு

உடற்பயிற்சி செய்யும்போது நம் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. பயிற்சி முடிந்த பிறகும் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் இந்தப் பலன் வங்கியில் போட்ட பணம் மாதிரி அப்படியே கிடக்காது. ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் கரைந்துவிடும். அதனால்தான் சர்க்கரை நோயாளிகள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்கிறார்கள். ஒரு நாள் மழையா, பரவாயில்லை. இரண்டாம் நாளும் மழையா, சரி. மூன்றாம் நாள் எப்படியாவது உடம்பு அசைந்தாக வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் வீட்டுக் காலண்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும். வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் நடந்தாலே 150 நிமிடம் ஆகிவிடுகிறது.

பாதி பலம் போதும்

சித்த மருத்துவம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரிக்கிறது. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். பொழுது மாறும்போது உடம்பிலுள்ள வளி, அழல், ஐயம் ஆகியவற்றின் நிலையும் மாறும். அதற்கேற்ப உணவையும் உழைப்பையும் மாற்ற வேண்டும் என்பது நம் வைத்திய மரபு. உழைப்பை நிறுத்து என்று அது சொல்லவில்லை. ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயமும், பலமுள்ளவர்கள் குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் தங்கள் பலத்தில் பாதி அளவுக்கும், மற்றக் காலங்களில் அதைவிடக் குறைவாகவும் உடற்பயிற்சி செய்யலாம் என்கிறது.

பாதி பலம் என்பதை எப்படி அளப்பது? ரொம்பச் சுலபம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது. பேசவே மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். இதற்குக் கடிகாரம் வேண்டாம், கருவி வேண்டாம். பேச ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான்!

ஏன் கூட்டமாக?

அந்த 'ஒரு ஆள்' பல விதத்தில் மருந்து. அலாரத்தை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுக்கலாம். ஆனால், "தெருமுனையில அஞ்சு பேர் காத்துக்கிட்டு இருப்பாங்களே" என்ற நினைப்பு எழுப்பிவிடும். இரண்டாவது, ஆபத்துக்கு உதவி. தனியாக நடப்பவர் மயங்கி விழுந்தால் யார் பார்ப்பது? மூன்றாவது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெற்றோருக்கும் காலைப் பேச்சே பாதி வைத்தியம்.

ஆனால் கூட்டத்தில் ஒரு கெடுதலும் உண்டு. அதற்குப் பெயர் போட்டி. முப்பது வயதுக்காரர் வேகத்துக்கு அறுபது வயதுக்காரர் நடப்பதும், "நேத்து அவர் பத்து ரவுண்டு, இன்னிக்கு நான் பன்னிரண்டு" என்பதும் நெஞ்சுவலியில் கொண்டுபோய் விடக்கூடும். எனவே குழுவுக்குச் சில விதிகள்:

1. ஆறு முதல் பத்து பேர் போதும். ஒவ்வொருவர் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எல்லோரிடமும் இருக்கட்டும்.

2. குழுவின் வேகம் என்பது மிக மெதுவாக நடப்பவரின் வேகம். வேகம் வேண்டுபவர்கள் முன்னே போய்த் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம்.

3. கடைசியாக ஒருவர் வர வேண்டும். அவருக்குப் பின்னால் குழுவில் யாரும் இருக்கக் கூடாது. இந்தப் பொறுப்பை முறை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

4. சொல்லாமல் இரண்டு நாள் வராதவர் வீட்டுக்கு மூன்றாம் நாள் ஒருவர் போய் விசாரிக்க வேண்டும்.

5. ஒரு பையில் தண்ணீர், சர்க்கரைப் பொட்டலம், துண்டு. இது குழுவின் பொதுச் சொத்து.

முக்கால் மணி நேரப் பாடம்

முதல் 7 நிமிடம் மெதுநடை; தோள், கழுத்து, கணுக்கால் சுழற்றுதல். அடுத்த 25 நிமிடம் பேச்சு அளவு வேகத்தில் நடை. பிறகு 8 நிமிடம் வலுப் பயிற்சி: பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எழுதல் 10 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் 10 தடவை, நம் தோப்புக்கரணம், முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு மட்டும், முடிந்த அளவு. ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்றல். வயதானவர்கள் கீழே விழாமல் காக்க இது உதவும். கடைசி 5 நிமிடம் மெதுநடை. சட்டென்று நிறுத்தி உட்காரக் கூடாது, தலைசுற்றல் வரலாம்.

மழைக் காலத்தில்...

தூறல் பகையல்ல. வழுக்காத செருப்பும் தொப்பியும் போதும். இடி மட்டும் வேறு விஷயம். இடிச் சத்தம் காதில் விழுந்த உடனே கட்டிடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடியில் ஒதுங்கவே கூடாது. கடற்கரையில் இருக்கவே கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே வர வேண்டும்.

தேங்கிய தண்ணீரில் நடக்காதீர்கள். திறந்து கிடக்கும் சாக்கடைக் குழியும், அறுந்து விழுந்த மின்கம்பியும் தண்ணீருக்கு அடியில் தெரியாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலிலுள்ள வெடிப்பு, காயம் வழியே எலிக்காய்ச்சலைத் தரும். வீடு திரும்பியதும் ஈர உடையை மாற்றி, கால் விரல் இடுக்குகளை உலரத் துடையுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சேற்றுப்புண்கூடப் பெரிய வினையாக முடியும்.

கொட்டும் மழை நாளுக்கு மாற்று இடத்தை இப்போதே பேசி வையுங்கள். கோயில் பிராகாரம், பள்ளித் தாழ்வாரம், அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடம் எதுவானாலும் சரி. இடம் மாறலாம், நேரமும் ஆட்களும் மாறக் கூடாது.

பனிக் காலத்தில்...

குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் கூடுகிறது. இதய நோயாளிகள் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்ப வேண்டாம். சூரியன் வந்தபின் ஆறரை, ஏழு மணிக்குப் போகலாம். மெதுநடையை 7 நிமிடத்திலிருந்து 10, 12 நிமிடமாக நீட்டுங்கள். ஊட்டி, கொடைக்கானல்வாசிகளுக்கு இது இன்னும் அவசியம். ஆஸ்துமா உள்ளவர்கள் மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மறைத்து, மூக்கால் மூச்சு விடட்டும். 'இன்ஹேலர்' சட்டைப் பையில் இருக்கட்டும். தீபாவளிக்கு மறுநாள் காலையும் போகிக் காலையும் புகை நிறைந்தவை. அந்த இரு நாளும் பயிற்சியை வீட்டுக்குள் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வெயில் காலத்தில்...

மூன்று பருவத்திலும் அதிக ஆபத்தானது இதுதான். வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பு குளிர்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை வழியுமே தவிர, காயாது. உடம்புச் சூடு உள்ளேயே தங்கிவிடும். எனவே அக்கினி நட்சத்திர நாட்களில் ஐந்து மணிக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அதுவரை பாதி நேரம் போதும்.

வயதாக ஆகத் தாக உணர்வு குறையும். "தாகமே எடுக்கல" என்று சும்மா இருக்காதீர்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர், நடுவில் கால் மணிக்கு ஒரு தரம் சில மடக்கு, திரும்பியதும் ஒரு டம்ளர். நீர்மோர் நல்லது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பில்லாமல் குடிக்கலாம். இதயம், சிறுநீரகம் பாதித்து, தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தலைவலி, குமட்டல், கால் பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்குப் போய் உட்காருங்கள். ஒருவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு நெருப்பாய்ச் சுட்டாலோ அது வெப்ப மயக்கத்தின் உச்சம், உயிருக்கே ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. கூட இருப்பவர் கண்டுபிடித்தால்தான் உண்டு. அவருக்கே அது தெரியாது. கூட்டமாக நடக்கச் சொல்வதன் அருமை இங்கேதான்.

நடந்த பிறகு

பல குழுக்கள் நடையை முடிப்பது ஓட்டல் வாசலில்! அரை மணி நடையில் செலவாவது ஏறக்குறைய 120 முதல் 150 கலோரி. ஒரு பிளேட் பொங்கலும் வடையும் அதைப்போல இரண்டு மூன்று மடங்கைத் திருப்பித் தந்துவிடும். பிறகு எடை எப்படிக் குறையும்?

பூங்கா வாசலில் விற்கும் மூலிகைச் சாறுகளிலும் கவனம் தேவை. கழுவிய தண்ணீர் சுத்தமா என்று பாருங்கள். சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு மடக்குகூடக் குடிக்காதீர்கள். அந்தக் கசப்பு நஞ்சு. அதிமதுரம் நல்ல மருந்துதான். ஆனால் தினம் குடித்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். பனிக்காலத்தில் சுக்கு மல்லி காபி, வெயிலில் மோர். இவை போதும்.

இவர்கள் மட்டும் கவனிக்க

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது நடுக்கம், குளிர் வியர்வை, படபடப்பு வந்தால் சர்க்கரை இறங்குகிறது என்று அர்த்தம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நெஞ்சில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் "வாயுவா இருக்கும்" என்று நடந்து கரைக்கப் பார்க்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சல் நாளில் பயிற்சி வேண்டாம். இதய நோய் உள்ளவர்களும், வெகுநாள் உடம்பை அசைக்காதவர்களும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

இன்னொன்று. நாலு மாதம் நடந்து சர்க்கரையும் பி.பி.யும் குறைந்ததும், "இனி மாத்திரை எதுக்கு?" என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு சித்த வைத்தியனாக இருந்தே சொல்கிறேன்: ஆங்கில மருந்தாக இருந்தாலும் நம் மருந்தாக இருந்தாலும், அதைக் குறைப்பதும் நிறுத்துவதும் கொடுத்தவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டியது. எட்டு கிலோமீட்டர் பெரிதாகத் தெரிந்தால் உங்கள் தெருவில் எண்ணூறு மீட்டரில் தொடங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "நாளைக்கு ஆறு மணிக்கு, தூறினாலும் வர்றீங்களா?" என்று கேளுங்கள். அவர் வருகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும். மறுநாள் நீங்கள் படுத்திருக்க முடியாது!