பம்பு செட்டு ஸ்டார்ட்டரும் கணிப்பொறியின் செயலியும்

2015-ம் ஆண்டில், அப்போது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த ஸ்ரீசிட்டியில் கைப்பேசிகள் தயாரிக்கும் தொழில் தொடங்கியது. 2022-ம் ஆண்டில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது அவ்விடம் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. இக்காலத்துக் கைப்பேசி ஒவ்வொன்றினுள்ளும் நகத்தளவேயான ஒரு சில்லு உண்டு. அதில் பல நூறு கோடி டிரான்ஸிஸ்டர்கள் அடங்கியுள்ளன. அதுவே செயலி எனப்படுகிறது. கைப்பேசியைக் கையாளும் மாணவர் பலர். அச்சில்லினுள் நடப்பது யாது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. மனித அறிவுக்கு எட்டாத மாயம் என்று அதனை ஒதுக்கிவிடும் எண்ணம், விஞ்ஞானக் கல்விக்குப் பெருந்தடை. எளிய உறுப்புகளைக் கொண்டு ஒரு சிறு செயலியைக் கையாலேயே அமைக்கலாம் என்பதை அறிந்தால் அவ்வெண்ணம் நீங்கும்.

ஸ்டார்ட்டர் கற்பிக்கும் பாடம்

சித்தூர், திருப்பதிப் பகுதிகளின் மாந்தோப்புகளில் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை இயக்கும் ஸ்டார்ட்டரைக் குடியானவர் யாவரும் அறிவர். பச்சைப் பொத்தானை அழுத்திக் கையை எடுத்த பின்னரும் மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும். காரணம் யாதெனில், பொத்தானை அழுத்தியதும் உள்ளேயிருக்கும் கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்ந்து, அது காந்தமாகிறது. அக்காந்தம் இரும்புத் துண்டு ஒன்றை இழுத்து, மோட்டாருக்குச் செல்லும் தொடுமுனைகளைச் சேர்க்கிறது. அதே சமயத்தில் ஒரு சிறு தொடுமுனையும் சேர்ந்து, பொத்தான் செய்த வேலையைத் தான் ஏற்றுக்கொள்கிறது. சிவப்புப் பொத்தானை அழுத்தும் வரையில் இந்நிலை மாறுவதில்லை. மின்சாரம் நின்றால் மட்டும் அது கலைந்துவிடும். மீண்டும் மின்சாரம் வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது. இதன் பொருட்டே பலர் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துக்கொள்கின்றனர்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் விளங்கும். முதலாவது, மின்சாரமே இயக்கும் ஸ்விட்சு ஒன்றை அமைக்க இயலும். இரண்டாவது, ஒரு ஸ்விட்சின் விளைவை அதற்கே திருப்பிவிட்டால், கடைசியாக அழுத்திய பொத்தான் எது என்பதை அது நினைவில் வைத்துக்கொள்ளும். செயலி முழுவதும் இவ்விரு உண்மைகளின் மீதே எழுப்பப்பட்டது.

கூட்டும் ஸ்விட்சுகள்

கணிப்பொறி 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எண்ணுகிறது. மின்சாரம் இல்லாத நிலை 0. உள்ள நிலை 1. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் இரண்டு. இம்முறையில் அது 10 என்று எழுதப்படும். அதாவது, கூட்டுத்தொகை இடத்தில் 0. அடுத்த இடத்துக்குச் செல்லும் மிச்சம் 1.

இதனை வகுப்பில் காட்ட, ஆறு முனைகள் கொண்ட இருவழி ஸ்லைடு ஸ்விட்சுகள் இரண்டு, டார்ச் செல்கள் இரண்டு, சிவப்பு எல்.இ.டி. விளக்குகள் இரண்டு, 100 ஓம் மின்தடைகள் இரண்டு ஆகியவை போதும். ஒவ்வொரு விளக்குடனும் ஒரு மின்தடையைத் தொடராக இணைத்தல் வேண்டும். ஒவ்வொரு ஸ்விட்சிலும் மும்மூன்று முனைகளாக இரண்டு வரிசைகள் உள்ளன.

முதல் வரிசையில், செல்களின் நேர்முனையை முதல் ஸ்விட்சின் நடுமுனையில் சேர்க்க வேண்டும். அந்த ஸ்விட்சின் மேல்முனையை இரண்டாம் ஸ்விட்சின் கீழ்முனையோடும், கீழ்முனையை மேல்முனையோடும் குறுக்காக இணைக்க வேண்டும். இரண்டாம் ஸ்விட்சின் நடுமுனையிலிருந்து முதல் விளக்கு வழியாக எதிர்முனைக்குக் கம்பி செல்லும். மாடிப்படி விளக்குக்கு இரண்டு ஸ்விட்சுகள் வைக்கும் முறையும் இதுவே. இரண்டாம் வரிசையில், நேர்முனையை முதல் ஸ்விட்சின் நடுமுனையிலும், அதன் மேல்முனையை இரண்டாம் ஸ்விட்சின் நடுமுனையிலும் சேர்த்து, அதன் மேல்முனையிலிருந்து இரண்டாம் விளக்குக்குக் கம்பி கொடுக்க வேண்டும்.

ஸ்விட்சை மேலே தள்ளினால் 1, கீழே தள்ளினால் 0. ஒரு ஸ்விட்சு மட்டும் மேலே இருந்தால் முதல் விளக்கு எரியும். இரண்டும் மேலே இருந்தால் முதல் விளக்கு அணைந்து இரண்டாவது எரியும். ஆகவே முதல் விளக்கு கூட்டுத்தொகையையும், இரண்டாவது மிச்சத்தையும் காட்டுகின்றன. இரண்டும் கீழே இருக்கையில் முதல் விளக்கு எரியுமாயின், கம்பிகள் குறுக்காக அன்றி நேராக இணைக்கப்பட்டுள்ளன என்று அறிய வேண்டும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்பவர் 1937-ம் ஆண்டில் தம் வீட்டுச் சமையலறை மேஜையின் மீது, ரிலேக்களையும் டார்ச் விளக்குகளையும் தகரத் துண்டுகளையும் கொண்டு இத்தகைய கூட்டல் கருவியையே அமைத்தார்.

தானே இயங்கும் நிலை

மேற்கூறிய கருவியில் ஸ்விட்சுகளைக் கையே தள்ளுகிறது. ஒரு கூட்டலின் விடை அடுத்த கூட்டலின் ஸ்விட்சைத் தள்ள வேண்டுமாயின், ஸ்டார்ட்டரில் கண்டதுபோல் மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சு தேவை. அவ்வேலையை முற்காலத்தில் ரிலேயும் வால்வும் செய்தன. இக்காலத்தில் டிரான்ஸிஸ்டர் செய்கிறது. டிரான்ஸிஸ்டர்களால் அமையும் நாண்ட் என்னும் வாயிலில் இரண்டு உள்வழிகளும் 1 ஆகும்போது மட்டும் விடை 0. மற்றெல்லாச் சமயங்களிலும் 1. இவ்வொரு வகை வாயிலைக் கொண்டே செயலி முழுவதையும் கட்டிவிடலாம் என்பது வியக்கத்தக்கது.

14 கால்கள் உடைய 7400 என்னும் சில்லில் நான்கு நாண்ட் வாயில்கள் உள்ளன. முன் இடத்து மிச்சத்தையும் சேர்த்துக் கூட்டும் முழுக் கூட்டிக்கு ஒன்பது வாயில்கள் வேண்டும். நான்கு இடங்களுக்கு முப்பத்தாறு. அதாவது ஒன்பது சில்லுகள். இரண்டு வாயில்களைக் குறுக்காக இணைத்து, ஒன்றின் விடையை மற்றொன்றுக்கு ஊட்டினால் அது ஓர் இலக்கத்தை நினைவில் வைக்கும். ஸ்டார்ட்டரின் சிறு தொடுமுனை செய்வதும் இதுவே. மின்சாரம் போனால் இதன் நினைவும் அழியும்.

இவற்றோடு சீராகத் துடிக்கும் கடிகாரச் சுற்று, அடுத்த கட்டளையின் இடத்தை எண்ணும் எண்ணி, கட்டளையைப் படித்து உரிய வாயில்களைத் திறக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று ஆகியவை சேர்ந்தால் செயலி உருவாகும். ஆல்பர்ட் மால்வினோ தமது பாடநூலில் விளக்கிய ஸாப்-1 என்னும் யந்திரம் தொடக்கத்துக்கு ஏற்றது. அதன் நினைவகத்தில் 16 இடங்கள், கட்டளைகள் ஐந்தே. ஒவ்வொரு கட்டளையும் ஆறு துடிப்புகளில் முடியும். கடிகாரத்தை மெதுவாக ஓட்டினால், எண்கள் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்வதை விளக்குகளிலேயே காணலாம்.

நம் நாட்டு முன்னோடி

பம்பாயில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையிலான குழுவினர் 1950-களில் இவ்வாறே உறுப்பு உறுப்பாக ஒரு கணிப்பொறியைக் கட்டினர். 1956-ம் ஆண்டில் சோதனை யந்திரம் இயங்கிற்று. 1960-ம் ஆண்டில் செயற்பட்ட முழு யந்திரத்தில் சுமார் 2,700 வால்வுகளும் 12,500 மின்தடைகளும் இருந்தன. 1962-ம் ஆண்டில் பிரதமர் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். ஆயத்த யந்திரத்தை வாங்கியிருந்தால் பயன்படுத்தும் அறிவு மட்டுமே கிட்டியிருக்கும். கட்டியதனால் ஆக்கும் அறிவும் கிட்டியது. மாணவர் செய்யும் இரண்டு விளக்குக் கருவியின் பயனும் அத்தன்மையதே.

எச்சரிக்கை: ஸ்டார்ட்டர் பெட்டியை மாணவர் திறத்தல் கூடாது. அதில் பாயும் மின்சாரம் உயிரைப் போக்கும். சோதனைகள் யாவும் டார்ச் செல்களைக் கொண்டே நடைபெற வேண்டும்.

பயிற்சி

1. மூன்று மின் இணைப்புகளும் சரியாக இருந்தால் மட்டுமே மோட்டாரை ஓடவிடும் அமைப்பு, மேலே கண்ட இரு விளக்குகளுள் எதனை ஒத்தது?

2. எட்டு இடங்கள் கொண்ட கூட்டிக்கு 7400 சில்லுகள் எத்தனை வேண்டும்?

3. மின்சாரம் நின்றபின் ஸ்டார்ட்டர் தன் நிலையை மறப்பது, மோட்டார் அருகில் வேலை செய்பவருக்கு எவ்வாறு பாதுகாப்பாகிறது?