சொல்வேரும் கொல்லாமையும்

உணவின்பொருட்டு உயிர்களைக் கொல்லுதலும், பிறர் கொன்றவழி அவற்றின் ஊனை உண்டலும் தகுமா என்னும் வினா சைவ நன்மக்கட்குப் புதியதன்று. திருவள்ளுவனார் புலால் மறுத்தல், கொல்லாமை என இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். திருமூல நாயனாரும் திருமந்திரத்து முதற்றந்திரத்தில் இவ்விரண்டனையும் தனித்தனி ஓதியருளினார். ஆயினும், மேலைநாட்டு நூல்களைப் பயிலும் நம் இளைஞர் இப்பொருளை ஆங்கிலச் சொற்கள் வாயிலாகவே எதிர்ப்படுகின்றனர். அச்சொற்களுட் பல இலத்தீன் வேர்களினின்று பிறந்தன. வேரறிந்து பயில்வார்க்கு ஒரு வேர் பல சொற்களைத் தரும். அன்றியும், அவ்வேர்களுட் சில வடமொழி வேர்களோடு ஓரினமாய் நிற்றலின், நாம் முன்னரே அறிந்த சொல் அறியாத சொல்லுக்கு விளக்காகும். ஆகலின், அத்தகைய சொற்கள் சிலவற்றை ஈண்டு எடுத்து, அவை இவ்வறத்திற்கு எவ்வளவு துணைசெய்யும், எவ்விடத்துத் துணைசெய்யா என்பதனை ஆராயப் புகுகின்றோம்.

1. உயிருடையது என்னும் பெயர்

விலங்கினைக் குறிக்கும் 'அனிமல்' என்னும் ஆங்கிலச் சொல் 'அனிமா' என்னும் இலத்தீன் சொல்லின் வழியது. அனிமா என்பது மூச்சு, உயிர் என்னும் பொருட்டு. மூச்சுவிடுதல் என்னும் பொருளையுடைய 'அன்' என்பது அதன் வேர். வடமொழியிற் பிராணன் என்பதும், 'பிர' என்னும் உபசருக்கத்தோடு இவ்வேர் கூடிப் பிறந்ததேயாம். எனவே, அனிமல் என்பதும் பிராணி என்பதும் ஒருவேர்ச் சொற்களாதல் காண்க. தமிழில் உயிர் என்பது வேறு குலத்துச் சொல்லாயினும், உயிர்த்தல் என்னும் வினையோடு இயைந்து அக்கருத்தையே தருகின்றது. மொழி வேறாயினும் பெயரிட்டோர் கண்டது ஒன்றே: மனிதனிடத்து இயங்கும் மூச்சே விலங்கினிடத்தும் இயங்குகின்றது.

அற்றேல், அப்பெயரை வழங்கினோர் அனைவரும் கொல்லாமையை மேற்கொண்டனரோ எனின், இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் விளங்கிய தாமஸ் அக்குவினாஸ் என்னும் கிறித்தவப் பேராசிரியர், அரிஸ்டாட்டில் கொள்கையைத் தழுவி, தாவர உயிர், உணர்வுயிர், அறிவுயிர் என மூவகை வகுத்து, விலங்கின் உயிர் உடம்போடு அழியும் என்றார். விலங்கைக் கொடுமைசெய்தல் ஆகாது என்றதற்கும், அக்கொடுமை பின் மனிதர்மேற் செல்லும் என்பதனையே காரணமாகக் காட்டினார். பிரெஞ்சு நாட்டு டெக்கார்ட் 1637-ல் வெளியிட்ட நூலில் விலங்குகளைப் பொறிகளோடு ஒப்பித்துரைத்தார். உயிருடையது என்று பெயர் சொல்லிக்கொண்டே, அதனைத் தானியங்கும் கருவி எனக் கருதுதற்கும் இடமுண்டாயிற்று. ஆகவே, சொல்வேர் ஓர் உண்மையைச் சுட்டிக் காட்டுமேயன்றி அதனை நிலைநாட்டாது. நிலைநாட்டுவது தத்துவமே.

நம் சித்தாந்தம் கூறுவது யாது? மூச்சு உயிரின் அடையாளமேயன்றி உயிரன்று. உடம்பு, பொறிகள், பிராணவாயு முதலியவற்றின் வேறாக உயிர் உண்டென்பது சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தால் நிறுவப்பட்டது. அவ்வுயிர் அநாதி, அழிவற்றது. வினைக்கீடாக அதுவே புல்லாயும் புழுவாயும் விலங்காயும் மனிதராயும் பிறக்கின்றது. ஒவ்வோருடம்பும் மலபரிபாகத்தின்பொருட்டு இறைவன் மாயையினின்று கூட்டியருளிய கருவியாம். ஆகலின், ஓர் உடம்பை நாவின் சுவைக்காக வெட்டுதல், திருவருள் அவ்வுயிர்க்கு அளித்த கருவியைப் பறித்தலாய் முடியும். விலங்கின்பால் இரக்கம் மனிதர்க்காகவன்று, அவ்வுயிர்க்காகவே வேண்டப்படுகின்றது.

2. குரூரமும் நாசமும்

ஆங்கிலத்திற் கொடுமையுடைமையை உணர்த்தும் 'குரூயல்' என்பது, பச்சையானது, உதிரம் படிந்தது என்னும் பொருளையுடைய 'குரூதுஸ்' என்னும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. வடமொழிக் 'குரூரம்' இதனோடு ஓரினம். உதிரந் தோய்ந்த ஊனைக் கண்ட கண்ணே கொடுமைக்குப் பெயரிட்டது போலும். தமிழிற் புலால் என்னும் சொல் ஊனையும் அதன் தீநாற்றத்தையும் ஒருங்கு குறித்தலும் ஈண்டு நினைக்கத் தகும்.

இனிக் குற்றமின்மையை உணர்த்தும் 'இன்னொசென்ட்' என்னும் சொல்லை நோக்குவோம். 'இன்' என்பது எதிர்மறை. 'நொகேரே' என்பது தீங்குசெய்தல். இவ்வினை நாசம் என்னும் வடசொல்லின் வேரோடு ஒன்றியது. எனவே, இன்னொசென்ட் ஆவான் நாசஞ் செய்யாதவன். நம் நூல்வழக்கிற் கூறின், இன்னா செய்யாதவன். இக்காலத்தார் அச்சொல்லை அறியாமையுடையான் என்னும் பொருளிலும் வழங்குகின்றனர். அதன் வேரோ அறியாமையைச் சுட்டாது, ஊறுசெய்யாமை என்னும் விரதத்தையே சுட்டுகின்றது.

இச்சொல் புலால் மறுத்தலோடு நேரே பொருந்தி நின்றதோர் இடமும் உண்டு. கி.பி. 65-ல் இறந்த செனீகா என்னும் உரோமானியப் பேரறிஞர், தம் 108-ஆம் கடிதத்தில் தம் இளமை நிகழ்ச்சியொன்றைக் கூறுகின்றார். சோத்தியோன் என்னும் ஆசிரியர், உயிர்கள் உடம்புவிட்டு உடம்பு மாறும் என்னும் பித்தாகொரசு கொள்கையை அவர்க்கு எடுத்துரைத்தார். அக்கொள்கை மெய்யாயின் ஊனுண்ணாமை இன்னா செய்யாமையாம், மெய்யன்றாயினும் சிக்கனமாம், இருவழியும் இழப்பில்லை என்பது அவர் வாதம். ஈண்டு முன்னதற்கு அவர் வைத்த சொல் 'இன்னொகென்தியா'. பின்னதற்கு வைத்தது 'புரூகாலித்தாஸ்'. இது கனி, விளைவு என்னும் பொருளையுடைய 'புரூக்ஸ்' என்னும் சொல்லினின்று பிறந்தது. செனீகா ஓராண்டு ஊன் நீக்கி வாழ்ந்து, தம் உள்ளம் உரம்பெற்றதாக உணர்ந்தார். ஆயினும், புலால் நீத்தல் அயற்சமயச் சார்பிற்கு அடையாளமென அரசியலார் ஐயுற்ற காலமாதலின், தந்தையார் வேண்டுகோளால் அதனை விட்டார். அவர் கைவிட்டமைக்குக் காரணம் ஆராய்ந்து தெளிவோம். சோத்தியோன் வாதம், மெய்யோ பொய்யோ எனும் ஐயத்தின்மேல் நின்றது. ஐயத்தின்மேல் நின்ற அறம் அச்சம் வந்துழித் தளரும். மறுபிறப்பைத் துணிபொருளாகக் கொண்டார்க்கு அத்தளர்ச்சி தகாது.

3. ஊனுண்ணியும் எல்லாமுண்ணியும்

'கார்னிஸ்' என்பது ஊன். 'வொராரே' என்பது விழுங்குதல். இவ்விரண்டும் கூடிக் 'கார்னிவோர்' ஆயிற்று. ஊனுண்ணி என்பது பொருள். 'ஹெர்பா' என்னும் பூண்டின் பெயரோடு கூடி 'ஹெர்பிவோர்' என்றும், 'ஓம்னிஸ்' என்னும் முழுமைப் பெயரோடு கூடி 'ஓம்னிவோர்' என்றும் வரும். மனிதன் எல்லாமுண்ணி வகையினன் என உயிர்நூலார் கூறுவர். அதனால் ஊனுண்டல் அவனுக்கு இயற்கையே எனச் சிலர் வாதிப்பர். அவர் அச்சொல்லின் ஆற்றலை நோக்கிலர். புலி வேறுண்ண மாட்டாது. ஆதலின் அதற்கு விதியுமில்லை, விலக்குமில்லை. எல்லாம் உண்ணவல்லானுக்கே இதனை உண், இதனை ஒழி என்னும் அறவுரை பொருந்தும். ஆற்றல் உண்மை பற்றிய பெயர் ஆணையாகாது.

4. மறைக்கும் சொற்கள்

ஆங்கிலத்தில் மாடு தொழுவத்தில் நிற்குங்கால் ஒரு பெயரும், உண்கலத்தில் வந்தபின் மற்றொரு பெயரும் பெறுகின்றது. முன்னது அந்நாட்டுப் பழஞ்சொல். பின்னதாகிய 'பீப்' என்பது இலத்தீன் வழிவந்த பிரெஞ்சுச் சொல். பன்றியின் ஊனாகிய 'போர்க்' என்பதும் அத்தகையதே. இது வரலாற்றால் நேர்ந்ததாயினும், உண்பான் உண்ணப்படும் உயிரை நினையாதிருத்தற்கு இடந்தருகின்றது. 'மீட்' என்பதும் பண்டு உணவு என்னும் பொதுப்பொருளதாயிருந்து, பின்னர் ஊனுக்கே உரியதாயிற்று. நம் 'கறி' என்னும் சொல்லுக்கும் இந்நிலை நேர்ந்தமை வருந்தத்தக்கது. பழைய நூல்களில் மிளகைக் குறித்த அச்சொல், பின் தொடுகறியைக் குறித்து, இன்று பலரது வழக்கில் ஊனையே குறிக்கின்றது. அதனாலன்றோ ஈழநாட்டார் மரக்கறி என்றும், நாம் காய்கறி என்றும் அடைகொடுத்து வழங்குகின்றோம்.

5. சைவம் என்னும் சொல்

'வெஜிடேரியன்' என்னும் சொல்லைத் தாங்கிய சங்கம் 1847-ல் இங்கிலாந்தில் ராம்ஸ்கேட் நகரில் நிறுவப்பட்டது. சொல் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வழங்கிற்று. அதற்கு முன் அவ்வுணவினரைப் பித்தாகொரசு நெறியினர் என்றே பெரும்பாலும் அழைத்தனர். உரமுடைய, உயிர்ப்புடைய என்னும் பொருளையுடைய 'வெகெத்துஸ்' என்னும் இலத்தீன் சொல்லினின்று அப்பெயர் நேரே ஆக்கப்பட்டதெனச் சிலர் உரைப்பர். அது பொருந்தாது, தாவர உணவைக் குறிக்கும் 'வெஜிடபிள்' என்பதனின்றே அது பிறந்தது. 'வெஜிடபிள்' என்பதற்கே அவ்விலத்தீன் சொல் மூலமாம். வேர்காண்பார் இடையிலுள்ள படியைத் தாண்டிச் செல்லலாகாது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

தமிழ் வழக்கிலோ அவ்வுணவின் பெயர் சைவம். சிவசம்பந்தமுடையது என்பதே அச்சொற்பொருள். ஒரு சமயத்தின் முழுப்பெயர் ஓர் உணவின் பெயரானமை, சைவர் கொல்லாமையை எத்துணை உறுதியாகப் பற்றினர் என்பதற்குச் சான்று. இது நமக்குப் பெருமை. ஆயின், உணவளவில் நின்று சிவசம்பந்தத்தை மறந்தோமாயின், அப்பெயரே நமக்கு வசையாம். திருநீறும் திருவைந்தெழுத்தும் சிவஞானமும் இன்றி இலையிலிட்ட சோற்றால் மட்டும் ஒருவன் சைவனாகான்.

6. தடையும் விடையும்

தாவரத்திற்கும் உயிருண்டே, அதனை உண்டல் மாத்திரம் தகுமோ எனின், அதற்கு உயிருண்மையை நாம் மறுத்திலம். புல்லும் மரனும் ஓரறிவுடையன எனத் தொல்காப்பியர் மரபியலில் வகுத்தார். 'வெஜிடபிள்' என்பதன் வேரும் உயிர்ப்புடைமையையே கூறுகின்றது. உடம்பு நிலைபெறாக்கால் சாதனம் நிகழாமையின், பெருந்தீங்கை ஒழித்துச் சிறிதின் அமைதல் நெறியாம். மேலும், ஊனுண்பான் உண்ட விலங்கு தன் வாழ்நாளெல்லாம் தாவரங்களை உண்டே வளர்ந்தது. ஆகவே, தாவரத்தின்பால் இரங்குவான் முதற்கண் விடத்தக்கது ஊனேயாம்.

கண்ணப்ப நாயனார் ஊன் படைத்தாரன்றோ எனின், அவர் செயல் அன்பின் மேலீட்டால் விதியைக் கடந்தது, பிறர்க்கு விதியாகாது. ஊனுக்கு ஊனே மருந்தென நினைந்து தம் கண்ணையே இடந்து அப்பியவர் அவர். தம் நாவிற்காக அவரைச் சான்று காட்டுவார், அவர் படைத்த ஊனைக் காட்டுவரேயன்றி அவர் கொடுத்த கண்ணைக் காட்டுவதில்லை. அங்ஙனமாயினும், வேட்டுவராகிய அவரையும் பரதவராகிய அதிபத்தரையும் நாயன்மாராக வைத்துத் தொழும் நாம், ஊனுண்பாரை இகழ்தற்குரியேம் அல்லேம். இகழ்ச்சியும் இன்னா செய்தலின் ஒரு கூறேயாம்.

இதுகாறும் கூறியவற்றால், சொல்வேர் கற்போர்க்கு நினைவிற்குத் துணையாதலும், அறத்திற்குச் சான்றாகச் சிறிது உதவுதலும், துணிவு சாத்திரத்தானே பெறப்படுதலும் விளங்கும். அனிமல் என்று படிக்குந்தோறும் பிராணியை நினைக. இன்னொசென்ட் என்று படிக்குந்தோறும் நாசஞ் செய்யாமையை நினைக. சைவம் என்று சொல்லுந்தோறும் சிவத்தை நினைக. சொல்லைக் கற்றல் அதன் பொருளில் நிற்றற்கேயாமென்பது அறிஞர்க்கு யாம் விடுக்கும் விண்ணப்பம்.