நிலப்படத்தைச் சான்று காட்டல்

சேவுகம்பட்டி திண்டுக்கல் மாவட்டத்துப் பேரூர்களுள் ஒன்று. 1970ஆம் ஆண்டு அச்சான நிலப்படத்திலோ அது மதுரை மாவட்டத்துள் அடங்கும். படம் பிழையன்று, 1985ஆம் ஆண்டிலேதான் திண்டுக்கல் மதுரையினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. எனவே, ஆண்டைச் சுட்டாது பழைய படத்தைச் சான்று காட்டுவோன், மெய்யான படத்தைக் கொண்டே பொய்யுரைத்தவனாவான்.

நிலப்படத்தை மேற்கோள் காட்டுங்கால், வரைந்தவர் அல்லது நிறுவனம், தலைப்பு, தாள் எண், அளவை, வெளியிட்ட இடம், ஆண்டு ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். 1:50,000 என்னும் அளவையுடைய படத்தில் ஒரு சென்டிமீட்டர், நிலத்தில் அரைக் கிலோமீட்டராகும். அளவையை விடுத்தால் தொலைவு மயங்கும். 1767இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் இத்தகைய விவரங்கள் ஓரத்திலேயே அச்சிடப்பெற்றிருக்கும். பின்வருவோர் அப்படத்தையே எடுத்து நம் கூற்றை ஒத்துப் பார்க்க வழி செய்தலே ஆய்வறமாகும்.