படம் பார்க்காமல் எழுதிய இசை

அன்புத் தம்பிக்கு,

நருட்டோ தொடரில் சண்டை நடக்கும்போது வரும் இசை, அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் போடப்பட்டதா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் இல்லை. அந்த இசை பதிவானபோது அந்தச் சண்டையை யாரும் வரைந்துகூட முடித்திருக்கமாட்டார்கள்.

ஜப்பானில் வாரம் ஒரு பாகமாக ஓடும் அனிமே என்னும் அசைபடத் தொடர்களில் ஓவியர்களின் வேலை ஒளிபரப்பு நாளுக்குச் சற்று முன்புவரை நடந்துகொண்டிருக்கும். படம் முடிந்து கைக்கு வந்தபிறகு இசையமைக்க அவகாசம் கிடையாது. அதனால் ஒரு வழி கண்டார்கள். தொடர் தொடங்கும் முன்பே ஒலி இயக்குநர் ஒரு பட்டியல் தயாரிப்பார். பகை மூளும்போது ஒன்று, நண்பர்கள் கேலி பேசும்போது ஒன்று, தோற்றவன் மறுபடி எழுந்து நிற்கும்போது ஒன்று என்று ஒவ்வொரு மெட்டுக்கும் ஓர் எண், அதற்கான மனநிலை, தோராயமான நீளம் எல்லாம் அதில் இருக்கும். இசையமைப்பாளர் கதைச் சுருக்கத்தையும் பாத்திரங்களின் ஓவியங்களையும் வைத்துக்கொண்டு பத்துக்கணக்கான துண்டுகளை எழுதி மொத்தமாகப் பதிவு செய்து கொடுத்துவிடுவார். பிறகு வாராவாரம் எந்தத் துண்டை எந்த நொடியில் தொடங்குவது, எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வது ஒலி இயக்குநர்தான். சில தொடர்களில் அதற்கென்றே இசை தேர்வாளர் ஒருவர் இருப்பார்.

இதற்கு நருட்டோவே நல்ல சான்று. 2002 முதல் 2007 வரை 220 பாகங்கள் ஓடிய முதல் தொடருக்கு இசை தோஷியோ மசுடா. ஷாமிசென் என்னும் மூன்று தந்தி வாத்தியத்தையும் ஷாகுஹாச்சி என்னும் மூங்கில் குழலையும் மின் கிதாரோடு ஒரே மேடையில் உட்கார வைத்தவர் அவர். அவருடைய சோக மெட்டு ஒன்று சிறுவன் நருட்டோவின் தனிமைக்கும் வரும், வேறொருவரின் பிரிவுக்கும் வரும். மெட்டு மாறுவதில்லை. பத்தாவது முறை அது ஒலிக்கும்போது, முந்தைய ஒன்பது துயரங்களும் சேர்ந்து நம் மனதில் எழுந்துவிடுகின்றன. நேரமின்மைக்காகச் செய்த ஏற்பாடு கதைக்குப் பெரிய பலமாகிவிட்டது. புதுப்புது இசையால் இந்தப் பலம் கிடைத்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இன்னும் வியப்பான கதை 1998இல் வந்த கவ்பாய் பீபாப் தொடருடையது. இசையமைப்பாளர் யோகோ கன்னோ, யாரும் கேட்காத துண்டுகளையும் தாமாகவே எழுதிக் கொண்டுவருவார். இயக்குநர் ஷினிசிரோ வதனாபே அவற்றைக் கேட்டு, அதிலிருந்து காட்சிகளைக் கற்பனை செய்தார். அங்கே இசை முன்னே நடந்தது, படம் பின்னால் வந்தது.

இனி உன் ஊருக்கு வா. இசையை முன்கூட்டியே எழுதிவைப்பதற்கு நேர் எதிரான முறை உன் அவலூர்பேட்டையைச் சுற்றியே உயிரோடு இருக்கிறது. உன் ஊரை ஒட்டிய செஞ்சி வட்டாரம் திரௌபதி அம்மன் வழிபாட்டின் மையம். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய நூலின் துணைத்தலைப்பிலேயே செஞ்சியைக் குருக்ஷேத்திரத்தோடு சேர்த்து வைத்தார். செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியில் உள்ள திரௌபதி கோயிலை இந்த வழிபாட்டின் தாய்க்கோயிலாகப் பலர் சொல்வார்கள். திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் படுகளம் என்னும் போர்க்களச் சடங்கு.

அந்தக் கூத்தில் வேஷக்காரருக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களை இனிமேல் கவனி. மிருதங்கம், டோலக், ஆர்மோனியப் பெட்டி, தாளம், சில ஜமாக்களில், அதாவது கூத்துக் குழுக்களில், முகவீணை. எதிரே ஏட்டில் எழுதிய சுரக் குறிப்பு எதுவும் கிடையாது. அவர்கள் கண் முழுக்க ஆடுகிறவர்மேல்தான் இருக்கும். திரைக்குப் பின்னால் வேஷம் நின்று பாடத் தொடங்கும்போதே, முகம் தெரியும் முன்பே, வருகிறவரின் வீரமும் கோபமும் தாளத்தில் தெரிந்துவிடும். விருத்தத்தை இழுத்துப் பாடினால் பெட்டியும் முகவீணையும் கூடவே இழையும். அடவு பிடித்தால் மிருதங்கம் காலோடு போகும். பின்பாட்டுக்காரர்கள் அடியைத் திருப்பிப் பாடும் நேரத்தில் விடிய விடிய ஆடுகிறவருக்கு ஒரு மூச்சு கிடைக்கும்.

கர்ண மோட்சம் கூத்தில் போருக்குப் புறப்படும் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் பாடிக்கொள்ளும் இடம் வரும். ஒரே ஜமா அடுத்தடுத்த ஊர்களில் அதை ஆடினாலும் நீளம் ஒன்றாக இருக்காது. பொன்னுருவி வேஷம் கட்டியவர் மனம் உருகிப் பாடினால் இசை அவரை விட்டு நகராது. முன்கூட்டிப் பதிவு செய்த இசையால் இது முடியாது. முகவீணை நாகஸ்வரத்தைவிடச் சிறியது, சீவாளி வைத்து ஊதுவது. அதன் கூரிய ஒலி ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் கூட்டத்தின் கடைசி வரிசை வரை சென்றது. அதை ஊதத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவது மனதை வருத்துகிறது. அந்த இடத்தைக் கீபோர்டு நிரப்பும் என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

படத்தைப் பார்த்தே இசை எழுதும் வழி அனிமேயிலும் உண்டு. 2019இல் தொடங்கிய டீமன் ஸ்லேயரில் யூகி கஜியுராவும் கோ ஷீனாவும் காட்சிகளுக்கு ஏற்ப அளந்து எழுதினார்கள். அதன் 19ஆம் பாகத்தில் நாயகன் தஞ்சிரோ சண்டையிடும்போது நாமி நககாவா குரலில் ஒரு பாட்டு எழும். வழக்கமான இறுதிப் பாடலுக்குரிய இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்ளும். வாளின் வீச்சும் குரலின் ஏற்றமும் அங்கே ஒன்றாகவே நடக்கும். நம் இளையராஜாவின் வழியும் இதுதான். முடிந்த படத்தைப் பார்த்து, சுரங்களைக் கையால் எழுதிக் கலைஞர்களிடம் கொடுப்பார். 2009இல் வந்த பழசிராஜாவின் பின்னணி இசைக்கு அவருக்குத் தேசிய விருது கிடைத்தது.

தமிழில் பேசும் டீமன் ஸ்லேயரிலும் அதே இசை எப்படி வருகிறது என்றும் நீ யோசித்திருப்பாய். இத்தகைய படங்களில் பேச்சு ஒரு தடத்திலும், இசையும் ஓசைகளும் வேறு தடங்களிலும் இருக்கும். பேச்சை மட்டும் எடுத்துவிட்டுத் தமிழை வைக்கிறார்கள். 2025 செப்டம்பரில் அதன் இன்ஃபினிட்டி காஸில் படம் தமிழ்க் குரலோடு திரையரங்குகளுக்கு வந்தபோது ஜப்பானிய இசைக்கலைஞர்களின் மூச்சும் விரலும் அப்படியே வந்து சேர்ந்தன. சில சமயம் பாட்டை மாற்றுவதும் உண்டு. ஜப்பானில் 1989இல் தொடங்கிய 52 பாக மௌக்லி தொடரைத் தூர்தர்ஷன் இந்தியில் ஒளிபரப்பியபோது, குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் மெட்டமைத்த புதுப் பாட்டை முகப்பில் வைத்தார்கள். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்கு மௌக்லி என்றாலே அந்தப் பாட்டுதான்.

இசை நிற்கும் இடத்தையும் கேட்கப் பழகு. நியான் ஜெனிசிஸ் எவாஞ்சலியனின் 24ஆம் பாகத்தில் ஏறக்குறைய ஒரு நிமிடம் படம் அசையாது. பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இசை அறுபடும் கணத்தில்தான் நடந்தது என்ன என்பது நெஞ்சில் இறங்கும். (அந்தத் தொடரை இன்னும் சில ஆண்டு கழித்துப் பார்.)

உனக்கு ஒரு வேலை தருகிறேன். நருட்டோவின் ஏதேனும் ஒரு பாகத்தை எடு. முதலில் ஒலியை அடைத்துவிட்டுப் பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேள். மூன்றாம் முறை ஒரு நோட்டை வைத்துக்கொண்டு இசை தொடங்கும் நிமிடம், நிற்கும் நிமிடம், அப்போது யார் பேசினார்கள், எந்த வாத்தியம் முன்னால் கேட்டது என்று குறி. ஒரே மெட்டு இரண்டு காட்சிகளில் வந்தால் அடிக்கோடு போடு. கூத்து நடக்கும்போது பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதே நோட்டில் அதையும் எழுது. ஆட்டம் முடிந்து வேஷம் கலைத்த பிறகு வாத்தியாரிடம் போய், எந்த இடத்தில் எதைப் பார்த்துத் தாளம் மாற்றினீர்கள் என்று கேள். கேட்கிற பிள்ளைக்குச் சொல்லித்தர அவர்களுக்குப் பிடிக்கும். இரண்டு பட்டியலையும் எனக்கு அனுப்பு. முகவீணை ஊதுகிறவர் இருந்தால், அவர் யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்